என்ஜினை இறக்கினால் மிஞ்சுவது சைக்கிள்

நான் பேட்டரி வேலை கற்றுக்கொள்ளத்தான் போனேன். மாஸ்டர் என் கையில் நிப்பிள் சாவியைக் கொடுத்து, ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு கோணல் சக்கரத்தைக் காட்டினார்.

“மொதல்ல இதைப் பெண்டு எடு தம்பி. கரென்ட்டு எங்கயும் ஓடிப்போவாது.”

மயிலாப்பூர் கச்சேரி சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது அவருடைய ஷெட். பெயர்ப்பலகை கிடையாது; வாசலில் தொங்கும் பழைய டயர்தான் அடையாளம். 1970களின் கடைசியில் ராயப்பேட்டைப் பட்டறை ஒன்றில் எடுபிடியாகச் சேர்ந்து, எஸ்டி, ராஜ்தூத், லாம்பி, விஜய் சூப்பர் என்று கழற்றிப் பழகிய கை அவருடையது. ஷெட்டின் பின்பாதி அவர் மகளுடையது. தரமணி பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்தவர். மின்ஸ்கூட்டர்களின் கன்ட்ரோலரும் சார்ஜரும் அவர் மேசைக்கு வரும். முன்பாதியில் கிரீஸ், பின்பாதியில் மல்டிமீட்டர். நடுவில் ஒரு தட்டி.

எனக்குத் தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றில் கணக்கு எழுதும் வேலை, மதிய ஷிப்ட். வீடு மந்தைவெளி. காலையில் நடந்தே ஷெட்டுக்குப் போய்விடலாம். கைக்கு ஒரு தொழில் தெரிந்திருக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. இனிமேல் மின்வண்டிதான் என்று ஊரே சொல்கிறது, அதையே கற்றுக்கொள்வோம் என்று போய் நின்றேன்.

அப்போது ஷெட்டில் நின்றிருந்தது ஒரு டிவிஎஸ் 50, பெடல் வைத்த பழைய மாடல். அடையாறு காந்தி நகர்க்காரர் ஒருவருடையது. அவர் அப்பா வாங்கிய வண்டி. என்ஜின் ஜாமாகிப் பல வருடம் மாடிப்படிக்குக் கீழே கிடந்திருக்கிறது. திருப்போரூர் பக்கம் அவருக்கு ஒரு தென்னந்தோப்பு உண்டு. தோப்புக்குள் தேங்காயும் உர மூட்டையும் ஏற்றிப் போக, பெட்ரோல் இல்லாத வண்டியாக இதை மாற்றித் தரமுடியுமா என்பதுதான் கேள்வி. வண்டியின் முகம் மட்டும் மாறக் கூடாது என்றார்.

பொருத்தமான வேலைதான். ஓசூரில் சுந்தரம் கிளேட்டனின் மொபெட் பிரிவு 1980-இல் டிவிஎஸ் 50-ஐ வெளியே விட்டதே, இரண்டு பேரையும் ஒரு மூட்டையையும் தாங்கும் மொபெட்டாகத்தான். அதற்கு முன் இருந்தவை ஒல்லி வண்டிகள். திருப்பதிப் பக்கம் பிரெஞ்சு மோட்டோபெக்கான் நிறுவனத்தின் உரிமத்தோடு செய்த சுவேகா, 1972-இல் இத்தாலியின் பியாஜியோ சியாவோவைப் பார்த்து கைனெடிக் செய்த லூனா. திருவொற்றியூர் என்ஃபீல்டு கூட புல்லட்டோடு நிற்காமல் 1980களில் மோஃபா, எக்ஸ்ப்ளோரர், சில்வர் பிளஸ் என்று சின்ன டூ-ஸ்ட்ரோக்குகளை விட்டுப் பார்த்தது. மோஃபாவை இன்று நினைவு வைத்திருப்பவர்கள் ரொம்பக் குறைவு. மாஸ்டர் நினைவு வைத்திருக்கிறார், நல்லவிதமாக அல்ல.

ஸ்பேனரைத் தொடும் முன் அவர் கேட்டது ஆர்.சி. புத்தகத்தை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ‘250 வாட் மோட்டார் போட்டால் லைசென்ஸும் வேண்டாம், நம்பரும் வேண்டாம்’ என்று சொல்லி எவனாவது ஒருவன் வாரத்துக்கு ஒருமுறையாவது ஷெட்டுக்கு வருகிறான். விதி இருப்பது உண்மை. மோட்டார் திறன் 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைவாக இருக்கும் மின்வண்டிக்குப் பதிவு வேண்டியதில்லை. ஆனால் அது சோதனை நிறுவனத்தின் சான்று பெற்று வரும் மாடலுக்கான சலுகை. நம் வீட்டு மொபெட்டில் மோட்டாரை மாட்டிக்கொண்டு அந்தச் சலுகைக்குள் நுழைய முடியாது. பதிவான வண்டியை மாற்றுவதென்றால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு குறுக்கே நிற்கும். தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அம்சங்களை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. பேட்டரிக்கு மாற்றுவதற்கு அதே பிரிவில் வழி இருக்கிறது. ஏ.ஐ.எஸ். 123 என்ற தரத்தில் சோதித்து, அந்த மாடலுக்கென்றே ஒப்புதல் வாங்கிய கிட் வேண்டும், ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும். பெடல் வைத்த டிவிஎஸ் 50-க்கு அப்படி ஒரு கிட் எங்கள் கண்ணில் படவில்லை.

“தோப்புக்குள்ள ஓட்டுங்க, கேட்டைத் தாண்டாதீங்க. தாண்டுவேன்னா இப்பவே வண்டியை எடுத்துட்டுப் போயிடுங்க சார்,” என்றார் மாஸ்டர். காந்தி நகர்க்காரர் ஒப்புக்கொண்டார். வேலை முடிந்ததும் குட்டி யானை மினிலாரியில் ஏற்றித் திருப்போரூருக்கு அனுப்புவது என்று முடிவு.

என்ஜினை இறக்கும் முன் எதை இறக்குகிறோம் என்று எனக்குத் தெரிய வேண்டும் என்பது மாஸ்டரின் பிடிவாதம். அந்தச் சமயம் டீகார்பனைசிங்குக்கு ஒரு ஆர்எக்ஸ் 100 பைக் வந்திருந்தது. ஹெட்டைக் கழற்றி, பிஸ்டனைக் கீழே இறக்கி, சிலிண்டருக்குள் டார்ச் அடித்துக் காட்டினார். ஹெட்டில் வால்வு என்று ஒன்றுமில்லை, சிலிண்டர் சுவரில் சில ஓட்டைகள்தான். பிஸ்டன் மேலே ஏறும்போது கீழே கிராங்க் அறைக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்து இழுபடும். இறங்கும்போது அதே கலவை அழுத்தப்பட்டு, பக்கத்து ஓட்டைகள் வழியாக மேலே பாயும். அந்த நேரத்தில் எக்ஸாஸ்ட் ஓட்டையும் திறந்துதான் இருக்கிறது. எரிந்தது வெளியே போகும் வாசலும் புதுசு உள்ளே வரும் வாசலும் ஒரே சமயத்தில் திறந்திருந்தால், வந்ததில் கொஞ்சம் எரியாமலே கூட்டத்தோடு வெளியே போய்விடும். எளிய கார்ப்ரேட்டர் வைத்த டூ-ஸ்ட்ரோக்கில் கால் பங்கு கலவைகூட இப்படிப் போய்விடுவது உண்டு.

ஆர்எக்ஸ் சைலன்சர் நடுவில் பெருத்து முடிவில் சிறுத்திருப்பது இதற்காகத்தான். வெளியே ஓடும் புகையின் அழுத்த அலை அந்தக் கூம்பில் முட்டித் திரும்பி, தப்பிப் போகும் கலவையைச் சிலிண்டருக்குள் திருப்பித் தள்ளுகிறது. ஒரு குறிப்பிட்ட சுற்றில் அது சரியாகப் பொருந்தும்போதுதான் ஆர்எக்ஸ் திடீரென்று பிய்த்துக்கொண்டு போகும். சத்தத்துக்காக வேறு சைலன்சர் மாட்டிவிட்டு ‘இழுவை போச்சு மாஸ்டர்’ என்று வரும் பையன்களிடம் அவர் இதையெல்லாம் விளக்குவதில்லை. “பழைய சைலன்சர் எங்க?” என்று மட்டும் கேட்பார்.

கலவை கிராங்க் அறை வழியாகப் போவதால் அங்கே தனியாக ஆயில் தேங்கி நிற்க முடியாது. பெட்ரோலோடு ஆயிலைக் கலந்தே ஊற்ற வேண்டும். பங்க்கில் 2டி ஆயில் டப்பாவின் கைப்பிடியைச் சுற்றி அளந்து ஊற்றும் காட்சி எனக்கும் நினைவிருக்கிறது. ஆர்எக்ஸில் தனி டேங்கும் பம்பும் உண்டு. எஸ்டியும் மொபெட்டும் நம் கை அளவை நம்பியவை. ஆயில் கூடினால் பிளக் நனையும், குறைந்தால் பிஸ்டன் பிடிக்கும். பிளக்கைக் கழற்றி அதன் முனையைப் பார்த்தே மாஸ்டர் ஜாதகம் சொல்வார். ஈரக் கறுப்பு என்றால் ஆயிலோ பெட்ரோலோ கூடுதல். சாம்பல் வெளுப்பு என்றால் கலவை மெலிந்து என்ஜின் சூடாகிறது. காப்பிப்பொடி நிறம் என்றால் திருப்பி மாட்டிவிடலாம். எக்ஸாஸ்ட் ஓட்டையைச் சுற்றிக் கட்டியிருந்த கரியை மரக்குச்சியால் சுரண்டச் சொன்னார். ஸ்குரூடிரைவரை எடுத்தால் கை மேல் அடி விழும். சிலிண்டர் சுவரில் ஒரு கீறல் போதும், ரிங் அதில் சிக்கும்.

இதையெல்லாம் சொல்லும்போது அவருக்குப் பேச்சு நிற்காது. கியர் போடும் லிவரையே மடக்கி கிக்கராக உதைக்கும் எஸ்டி. 1983-இல் வந்து, பெட்ரோல் குடிக்கிறது என்று ஊரே பயந்த, இன்று விலை கேட்டால் மூச்சு முட்டும் ராஜ்தூத் 350. சோழவரம் விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்களுக்கு லாரி பிடித்துப் போனது. 1984, 85-இல் ஜப்பான் கூட்டோடு நூறு சிசி வண்டிகள் வரிசையாக இறங்கியது: இண்ட்-சுசுகி, ஆர்எக்ஸ் 100, பின்னாலேயே கவாசாகி பஜாஜ். “அதுங்கூடவே ஒரு ஃபோர்-ஸ்ட்ரோக்கும் வந்துச்சு, ஹீரோ ஹோண்டா சிடி 100. நாங்கல்லாம் அதைப் பாத்து சிரிச்சோம். அதுதான் எங்க சோத்துல மண்ணைப் போட்டுது.” லிட்டருக்கு எண்பது ஓடும் வண்டிக்கு மாதா மாதம் பிளக் துடைக்க ஆள் வேண்டாம்.

அந்தப் புகை வாசனையை நினைத்து உருகுகிறவர்கள் இப்போது நிறைய. 1990களில் மாலை ஆறு மணிக்குப் பாண்டி பஜார் சிக்னலில் டூ-ஸ்ட்ரோக் ஆட்டோவுக்குப் பின்னால் நின்றிருந்தால் உருக்கம் கொஞ்சம் குறையும் என்பது என் எண்ணம். 2000 ஏப்ரலில் மாசு விதி இறுகியது, பிறகு பி.எஸ்.-4. கடைசியாகத் தாக்குப்பிடித்த டூ-ஸ்ட்ரோக் டிவிஎஸ் எக்ஸ்.எல். மொபெட்டும் அதோடு நின்று, அதன் இடத்தை ஃபோர்-ஸ்ட்ரோக் எக்ஸ்.எல். 100 எடுத்துக்கொண்டது. மாஸ்டருக்கும் இதில் புலம்பல் இல்லை. நல்ல நிலையில் இருக்கும் ஆர்எக்ஸைப் பேட்டரியாக்கச் சொல்லி யாராவது வந்தால் மட்டும் திருப்பி அனுப்பிவிடுவார். உயிரோடு இருக்கும் என்ஜினைப் பிடுங்குவது அவருக்குப் பிடிக்காது. ஜாமாகிக் கிடக்கும் மொபெட் வேறு கதை.

டிவிஎஸ் 50-இன் என்ஜினை இறக்கப் பெரிய நேரம் ஆகவில்லை. கார்ப்ரேட்டர், ஆக்சிலேட்டர் கேபிள், செயின், சைலன்சர், பிறகு பவுண்டேஷன் போல்ட்டுகள். துருப்பிடித்த ஒன்றை மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்துக் கழற்றினோம். இறக்கிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது ஸ்டாண்டில் நின்றது ஒரு தடித்த சைக்கிள். ஹேண்டில்பார், சீட்டு, இரண்டு 16 அங்குலச் சக்கரம், பெடல், கேரியர். மாஸ்டர் சக்கரத்தில் ஏன் ஆரம்பித்தார் என்று அப்போது புரிந்தது. மோட்டாரும் பேட்டரியும் கடையில் வாங்கிவிடலாம். அவை உட்காரப் போகும் சைக்கிள் நேராக இருக்க வேண்டும். இந்த வேலையில் பாதிக்கு மேல் சைக்கிள் கடை வேலைதான்.

நாங்கள் எடுத்தது ஹப் மோட்டார்: பின்சக்கரத்தின் நடுவே உட்காரும் ஆயிரம் வாட் மோட்டார், பிரேக் டிரம்மோடு சேர்ந்து வருவது. இதன் குடம் பெரியது. பழைய ஸ்போக் நீளம் இதற்கு ஆகாது. குட்டையாக வெட்டி, புதிதாகப் புரி போட வேண்டும். ரிம் சின்னது, குடம் பெரியது என்பதால் ஸ்போக் ரிம்முக்குள் சாய்ந்து நுழையும். சாய்வு அதிகமானால் நிப்பிளின் கழுத்தில் ஸ்போக் மடங்கி, சுமை ஏற ஏற அங்கேதான் முறியும். அதனால் பழைய ஹப்பில் இருந்ததுபோல் பல ஸ்போக்குகளைத் தாண்டிப் பின்னாமல் ஒரே ஒரு குறுக்கோடு பின்னச் சொன்னார். முப்பத்தாறு ஸ்போக்கையும் தளர்வாக மாட்டி, வால்வு ஓட்டையிலிருந்து ஆரம்பித்து, எல்லா நிப்பிளையும் ஒரே அளவு திருப்பி, பிறகு அரை அரைத் திருப்பாக இறுக்க வேண்டும். ஃபோர்க்கில் ஒரு சாக்பீஸை முட்டுக்கொடுத்துச் சக்கரத்தைச் சுற்றினால் கோணல் எங்கே என்று கோடு விழும். இடப்பக்கம் உரசினால் வலப்பக்க ஸ்போக்கை இறுக்கு, இடத்தைத் தளர்த்து. மேலும் கீழும் குதித்தால் அது வேறு கணக்கு.

பக்கவாட்டுக் கோணல் போன பிறகுதான் உண்மையான பாடம். ஸ்போக்கை விரலால் சுண்டிக் கேட்கச் சொன்னார். இறுக்கமாக இருந்தால் ஒரு சத்தம், தளர்ந்திருந்தால் வேறு. ஒரு பக்கத்தின் பதினெட்டும் ஒரே சுருதியில் பேச வேண்டும். பிறகு மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு சுற்றுச் சுண்டிவிட்டு, “இதுவும், இதுக்கு மூணாவதும்,” என்பார். சரியாகத்தான் இருக்கும். ஆர்எக்ஸ் நிற்கும் இடத்திலிருந்தே சத்தத்தைக் கேட்டு ‘சின்ன எண்டு போயிடுச்சு’ என்று சொல்லும் காது அது.

அடுத்தது ஆக்சில். சாதாரணச் சக்கரத்தில் ஆக்சில் சும்மா கிடக்கும். ஹப் மோட்டாரில் சக்கரத்தை முன்னே தள்ளும் விசை அத்தனையும் ஆக்சிலைப் பின்னே முறுக்கும். ஃபோர்க்கின் வாய் தேய்ந்தால் ஆக்சில் அங்கேயே சுழன்று, அதன் உள்ளே போகும் ஒயர்களை அறுத்துவிடும். ஐஸ் ஹவுஸ் பக்கம் ஒரு லேத் பட்டறையில் 6 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டில், ஆக்சிலின் தட்டைப் பகுதி சரியாகப் பொருந்தும் ஓட்டையோடு இரண்டு பட்டைகள் வெட்டி வாங்கினோம். டார்க் பிளேட் என்பார்கள். ஒரு முனை ஆக்சிலில், மறுமுனை ஃபோர்க்கில் போல்ட். ஃபோர்க்கின் அகலம் போதவில்லை. அதை அகட்டாமல், மோட்டார் பக்கத்து ஸ்பேசரை லேத்தில் கொஞ்சம் கடைந்து உட்கார வைத்தோம். பழைய இரும்பை அகட்டினால் எந்த வெல்டிங் எப்போது விடும் என்று சொல்ல முடியாது.

சாமான் தேடும் நாட்கள் எனக்குப் பிடித்தவை. ஹெட்லைட் வளையம், ஹேண்டில் ரப்பர், பெடல் கட்டை எல்லாம் புதுப்பேட்டையில். அங்கே நான் பார்த்தது, நாற்பது வருடத்துக்கு முந்தைய மொபெட்டின் பிரேக் கேம் எந்தெந்த மாடலுக்குப் பொருந்தும் என்று பட்டியல் பார்க்காமல் சொல்லும் மனிதர்களை. “பாய், டிவிஎஸ் 50 பெடல் மாடல், ஹெட்லைட் ரிங்கு” என்றால், பாய் எழுந்திருக்காமலே மேல் தட்டில் மூன்றாவது சாக்கைக் காட்டினார். சீட்டுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலை. கனெக்டர், ஃபியூஸ், ஹீட் ஷ்ரிங்க் குழாய்க்கு ரிச்சி தெரு. மூன்றும் அண்ணா சாலையைச் சுற்றித்தான். மெட்ரோ வேலைக்காகத் திருப்பிவிட்டிருக்கும் பாதைகளில் சுற்றிக்கொண்டு போவதற்கு நடப்பதே மேல்.

பேட்டரி வேலைக்குத் தட்டிக்குப் பின்னால் போனதும் ஆசிரியர் மாறினார். “அண்ணா, மோதிரம், வாட்ச் ரெண்டையும் கழட்டி வெச்சிடுங்க,” என்பதுதான் மகள் சொன்ன முதல் வாக்கியம். ஸ்பேனர்களின் கைப்பிடி முழுக்க இன்சுலேஷன் டேப். பிளக் ஒயரைத் தொட்டு ஆயிரக்கணக்கான வோல்ட் ஷாக் வாங்கிச் சிரித்த பரம்பரை முன்பாதியில் இருக்கிறது. அந்த ஒயருக்குப் பின்னால் இருக்கும் காயிலில் வோல்ட் அதிகம், ஆற்றல் சொற்பம். உதறிவிட்டு வேலையைப் பார்க்கலாம். பேட்டரி நேர்மாறு. ஐம்பது வோல்ட் கையை ஒன்றும் செய்யாததுபோல் இருக்கும். ஆனால் இரண்டு முனைக்கும் குறுக்கே ஒரு ஸ்பேனர் விழுந்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து இரும்பே உருகும்.

“2022 மார்ச்சுல வேலூர்ல என்ன ஆச்சுன்னு ஞாபகம் இருக்கா அண்ணா?” என்றார். இருந்தது. வீட்டில் சார்ஜில் போட்ட மின்ஸ்கூட்டர் இரவில் தீப்பிடித்து, ஒரு தந்தையும் மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள். அந்த ஆண்டுதான் பேட்டரிகளுக்கான பாதுகாப்புத் தரத்தை அரசு இறுக்கியது. எங்கள் வண்டிக்கு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல்லைத் தேர்ந்ததற்கு இது ஒரு காரணம். இதே எடையில் இன்னும் அதிக மின்சாரம் பிடிக்கும் வகைகள் இருக்கின்றன. சூட்டைத் தாங்குவதில் இதுதான் மேல். திருப்போரூர் மே மாதத்துக்கு அதுவே முக்கியம்.

ஒரு செல் 3.2 வோல்ட், 6 ஆம்பியர்-மணி. நான்கு நான்காகப் பக்கத்தில் பக்கத்தில் கோத்து, அப்படிப் பதினாறு வரிசை: 51.2 வோல்ட், 24 ஆம்பியர்-மணி. ஒவ்வொரு செல்லின் வோல்ட்டேஜையும் உள் மின்தடையையும் அளந்து, ஒத்துப்போகாதவற்றை ஒதுக்கினோம். சங்கிலியில் ஒரு செல் நோஞ்சானாக இருந்தால், சார்ஜ் ஏறும்போது அதுதான் முதலில் நிரம்பும், ஓடும்போது அதுதான் முதலில் தீரும். மற்ற செல்களில் மின்சாரம் இருந்தும் வண்டி நிற்கும். அப்படி நிறுத்துவது பி.எம்.எஸ். என்ற காவல்காரப் பலகை. நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங்கில் பதிக்கும்போது ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரே அழுத்தம், ஒரே நேரம். வெல்டிங் முடிந்ததும் பட்டையை இடுக்கியால் இழுத்துப் பார்ப்பார். பட்டை கிழிய வேண்டும், புள்ளி பிரியக் கூடாது.

இந்தப் பேக்கில் அடங்குவது ஏறத்தாழ 1.2 யூனிட். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 யூனிட் ஆற்றல் இருக்கிறது. அப்படியானால் இவ்வளவு கனமான பெட்டிக்குள் நாங்கள் அடைத்தது 140 மில்லி பெட்ரோலுக்குச் சமம்! கணக்குப் போட்டுக் காட்டியபோது மாஸ்டர் நம்பவில்லை. 140 மில்லியில் பழைய என்ஜின் ஏழெட்டு கிலோமீட்டர் போகும். இந்த மோட்டார் தோப்பு வேகத்தில் நாற்பது போகும். எரியாமல் வெளியே போனதும், சிலிண்டரின் துடுப்புகள் வழியாகக் காற்றைச் சூடாக்கிக்கொண்டிருந்ததும் சேர்ந்த வித்தியாசம் அது. “அப்போ இத்தினி வருஷம் நான் மெட்ராஸுக்கு அடுப்பு மூட்டிக்கினு இருந்தேனா?” என்றார் மாஸ்டர்.

ஒரு வசதி போய்விட்டது, ரிசர்வ். பெட்ரோல் தீர்ந்தால் குழாயைத் திருப்பி, வண்டியைச் சாய்த்து, பங்க் வரை தட்டுத்தடுமாறிப் போய்விடலாம். இந்த வகை செல்லில் மீட்டர் ஊசியையும் நம்ப முடியாது. நிரம்பியிருக்கும்போதும் பாதி தீர்ந்தபோதும் வோல்ட்டேஜ் கிட்டத்தட்ட ஒன்றேதான், கடைசியில் திடீரென்று விழும். அதனால் உள்ளே போன ஆம்பியரையும் வெளியே போனதையும் எண்ணும் சின்ன மீட்டர் ஒன்றை வைத்தோம்.

மோட்டாரை கன்ட்ரோலரோடு சேர்க்கும் நாளில் இரண்டு பேருமே பக்கத்தில் நின்றார்கள். மூன்று தடித்த ஒயர், ஐந்து மெல்லிய ஹால் சென்சார் ஒயர். நிறத்தை நம்பி மாட்டக் கூடாது. ஒரு கம்பெனியின் பச்சை இன்னொரு கம்பெனியின் மஞ்சளாக இருக்கும். தடித்தவற்றை மாற்றி மாற்றிச் சேர்த்துப் பார்க்க வேண்டும். சில வரிசைகளில் சக்கரம் நடுங்கி உறுமும், ஒன்றில் தலைகீழாகச் சுற்றும். கிளாம்ப் மீட்டரை மகள் பிடித்துக்கொண்டிருக்க, ஒரு வரிசையில் சக்கரம் ஓடியது. எனக்குச் சரியாகத்தான் பட்டது. மாஸ்டர் தலையை ஆட்டினார். “உள்ள மொணங்குது.” மீட்டரும் சுமையே இல்லாமல் கூடுதல் ஆம்பியர் காட்டியது. அடுத்த வரிசையில் முனகல் போயிற்று, ஆம்பியரும் இறங்கியது. மின்வண்டிக்குக் காது வேண்டாம் என்று சொல்பவர்கள் அதைக் கேட்டிருக்கவேண்டும்.

ஒயர் இழுப்பதில் மகள் கற்றுத் தந்த ஒன்று முக்கியம். எந்த ஒயரும் கனெக்டருக்குள் நுழையும் முன் கீழே ஒரு வளைவு இறங்கி ஏற வேண்டும். வழிந்து வரும் தண்ணீர் வளைவின் அடியில் சொட்டிவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு ஷெட்டுக்கு வரிசையாக வந்த மின்ஸ்கூட்டர்களின் கனெக்டர்களில் பச்சைக் களிம்பு பூத்திருந்ததாம். பழைய மொபெட்டுக்கு அந்தக் கவலை இல்லை. பிளக்கைத் துடைத்து, கார்ப்ரேட்டர் தண்ணீரை வடித்து, நான்கு மிதி மிதித்தால் போதும்.

பழைய விளக்கு ஒயரிங்கை முழுக்கத் தூக்கிப்போட்டோம். அது மேக்னெட்டிலிருந்து நேராக வரும் 6 வோல்ட். என்ஜின் வேகமெடுத்தால் விளக்கு பிரகாசிக்கும், மெதுவானால் மங்கும். இப்போது 51 வோல்ட்டை 12 ஆக இறக்கும் ஒரு டப்பாவும், பழைய கண்ணாடிக்குப் பின்னால் எல்.இ.டி.யும்.

முகம் மாறக் கூடாது என்பதால் பெயிண்டை முழுக்கச் சுரண்டவில்லை. துருவை மட்டும் எடுத்து, பிரைமர் அடித்து, அந்தந்த இடத்தில் நிறம் சேர்த்தோம். கேரியரை மட்டும் நீட்டினோம், தேங்காய் மூட்டை பக்கவாட்டில் சரியாமல் இருக்க இரண்டு மடக்குக் கம்பிகளோடு. பெட்ரோல் டேங்கைத் தொடவே இல்லை. அதில் ஓட்டை போட்டு ஒயர் விடலாம் என்றேன். காலி டேங்கில்தான் ஆவி நிற்கும், தண்ணீர் நிரப்பிப் பலமுறை கழுவாமல் அதன் பக்கத்தில் தீப்பொறி வரக்கூடாது என்றார் மாஸ்டர். பேட்டரி பெட்டி என்ஜின் இருந்த இடத்தில் உட்கார்ந்தது. காந்தி நகர்க்காரருக்கு ஒரே ஒரு ஆசை மிச்சம்: பார்வைக்காகச் சைலன்சரை அப்படியே விட்டுவிட முடியுமா? முடியும். நான்கூட விட்டிருப்பேன். மாஸ்டர் மறுத்துவிட்டார். “சொம்மா ஒரு இரும்பைத் தூக்கிக்கினு சுத்தறதுக்கு ஒரு தேங்கா சேத்து ஏத்து சார்.” அதற்குப் பதில், சத்தமே வராத வண்டி தோப்பில் ஆடு மாட்டின் மேல் மோதாமலிருக்க ஒரு சைக்கிள் மணி வைத்தோம்.

ஓட்டிப் பார்க்க மந்தைவெளியில் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்புறம். ஆடி மாதம், முகூர்த்தம் கிடையாது, இடம் காலி. மேலாளர் மாஸ்டரிடம் ஆர்எக்ஸ் சர்வீஸுக்கு விடுபவர். கேரியரில் மணல் மூட்டையைக் கட்டி, முதலில் பிரேக்கைப் பார்த்தோம். பிரேக் பிடித்ததும் மோட்டார் தானாக அணையும் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று. பிறகு சமையல் சாமான் லாரி ஏறும் சரிவில், பாதியில் நிறுத்தி மறுபடி கிளப்பி. ஆக்சில் நட்டில் பெயிண்டால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தோம். நட்டு நகர்ந்தால் கோடு உடையும். உடையவில்லை. ஸ்போக்குகள் மட்டும் முதல் சுமையில் கொஞ்சம் இளகின. அது வழக்கம்தான், மறுபடி ஒரு சுற்றுச் சுண்டி இறுக்கினேன். மாஸ்டர் இந்தத் தடவை கண்ணை மூடவில்லை, டீ குடிக்கப் போய்விட்டார்.

வண்டி குட்டி யானையில் திருப்போரூர் போய்விட்டது. என்ஜின் இன்னும் என் மேசையில் இருக்கிறது. அதைச் சரிசெய்து, எண்ணெய்த் துணியில் சுற்றிக் கொடுங்கள், என்றைக்காவது திருப்பி மாட்டத் தோன்றலாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் காந்தி நகர்க்காரர். அடுத்த பேட்டரி வேலைக்குக் கை வைப்பதற்கு முன் இந்த என்ஜின் ஓட வேண்டும் என்பது மாஸ்டரின் உத்தரவு. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு பிஸ்டனை எடுத்தாயிற்று. சிலிண்டர் சுவரில் துரு பள்ளம் விழுந்திருந்ததால் போர் வேலைக்கு லேத்துக்குப் போயிருக்கிறது. 0.50 ஓவர்சைஸ் பிஸ்டன் புதுப்பேட்டையில் கிடைத்துவிட்டது. அதே அளவு ரிங் செட் மட்டும் இன்னும் அகப்படவில்லை. சனிக்கிழமை வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார் பாய்.